சுண்டுவிரலின் சுமையை இறக்க: கீபோர்டு கீகளை இடம் மாற்றும் வழிகாட்டி

கீபோர்டில் கை வைத்து வழக்கம்போல ஐந்து நிமிடம் டைப் செய்யுங்கள். செய்யும்போது இடது சுண்டுவிரலை மட்டும் கவனியுங்கள். ஷிப்ட், கண்ட்ரோல், டேப், எஸ்கேப் எல்லாம் அதன் தலையில்தான். கண்ட்ரோலுக்காகக் கீழ் மூலைக்கு இறங்கும் ஒவ்வொரு முறையும் மணிக்கட்டே ஒரு பக்கமாக வளைகிறது. வலது சுண்டுவிரலுக்கு என்டரும் பேக்ஸ்பேஸும். பலம் குறைந்த விரல்களுக்கு இத்தனை வேலை. பலமான கட்டைவிரல் இரண்டுக்கும் சேர்த்து ஸ்பேஸ்பார் ஒன்றுதான். அதையும் பெரும்பாலானோர் ஒரே கட்டைவிரலால்தான் தட்டுகிறார்கள்.

இத்தனைக்கும் நடுவில், 'ஏ' கீக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நகராமலே எட்டும் இடத்தில் கேப்ஸ் லாக் சும்மா உட்கார்ந்திருக்கிறது. தெரியாமல் பட்டு எரிச்சல் தருவதைத் தவிர அதனால் நாள் முழுக்க ஒரு பயனும் இல்லை. அது எப்போதும் அங்கேயே இருந்ததும் இல்லை. 1981ல் வந்த ஐபிஎம் பிசியின் கீபோர்டில் அந்த இடத்தில் கண்ட்ரோல் இருந்தது. கேப்ஸ் லாக் ஸ்பேஸ்பாருக்கு வலப்புறம் ஒதுங்கி இருந்தது. எண்பதுகளின் நடுவில் வந்த 101 கீ கீபோர்டுதான் இதை மாற்றியது. மற்ற கம்பெனிகளும் அப்படியே பின்பற்றிவிட்டன.

இடம் மாற்றுவது பத்து நிமிட வேலை. ஆனால் அந்த மாற்றத்தை எந்த மட்டத்தில் செய்கிறோம் என்று தெரியாமல் செய்தால், லாகின் திரையில் பாஸ்வேர்டு தப்பாகும், தமிழ் டைப் செய்யும்போது எழுத்துகள் சிதறும். அதனால் அதை முதலில் பார்த்துவிடுவோம்.

மாற்றம் எங்கே நடக்கிறது

கீபோர்டுக்கு எழுத்து தெரியாது. நீங்கள் ஒரு கீயை அழுத்தினால் "இந்த இடத்துக் கீ அழுத்தப்பட்டது" என்று ஒரு எண்ணை மட்டும் கணினிக்கு அனுப்புகிறது. அந்த எண்ணை எந்த எழுத்தாக எடுத்துக்கொள்வது என்பதை விண்டோஸோ மேக்கோ லினக்ஸோ, அப்போது தேர்ந்தெடுத்திருக்கும் லேஅவுட்டை (எந்தக் கீக்கு எந்த எழுத்து என்ற அமைப்பை) பார்த்து முடிவு செய்கிறது. அதே கீ ஆங்கிலத்தில் 'எச்', தமிழ்99 என்ற தமிழ் லேஅவுட்டில் 'க'.

இந்தப் பாதையில் நாம் தலையிடக்கூடிய இடங்கள் மூன்று. முதலாவது, கீபோர்டுக்குள்ளேயே. இதற்கு அந்த வசதி உள்ள கீபோர்டு வேண்டும். இரண்டாவது, இயங்குதளத்தின் அடிமட்டத்தில், எண் வந்து சேர்ந்த உடனே. மூன்றாவது, மேல்மட்டத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மென்பொருள், கீயை வழிமறித்து வேறொன்றாக மாற்றித் தருவது. மேலே போகப்போக வசதி கூடும், நம்பகம் குறையும். அந்த மென்பொருள் ஓடாத இடங்களில் உங்கள் மாற்றமும் இருக்காது. மடிக்கணினியின் எஃப்என் கீ இந்தப் பாதைக்குப் பெரும்பாலும் வருவதே இல்லை. கீபோர்டின் உள் சர்க்யூட்டே அதைக் கையாண்டுவிடும். திங்க்பேட் மடிக்கணினிகளில் எஃப்என்னையும் கண்ட்ரோலையும் பயாஸ் (கணினி தொடங்கும்போதே ஓடும் அடிப்படை மென்பொருள்) அமைப்பில் இடம் மாற்றிக்கொள்ளலாம். மற்றவற்றில் எஃப்என்னை அப்படியே விட்டுவிடுங்கள்.

முதல் மாற்றம் எது

கேப்ஸ் லாக்தான். அங்கே எதை வைப்பது என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது.

எக்செல், வேர்டு, டிசைன் மென்பொருள் என்று நாள் முழுக்கக் காப்பி, பேஸ்ட், சேவ் செய்பவர்களுக்குக் கண்ட்ரோல். விம் போன்ற எடிட்டரில் நிரல் எழுதுபவர்களுக்கு எஸ்கேப். விம்மின் முன்னோடியான விஐ எடிட்டர் உருவான ஏடிஎம்-3ஏ டெர்மினலில் (திரையும் கீபோர்டும் சேர்ந்த பழைய கருவி) எஸ்கேப் இருந்தது இன்றைய டேப் கீயின் இடத்தில். அதனால்தான் அந்த எடிட்டர் எஸ்கேப்பை இத்தனை முறை கேட்கிறது. இன்று அது மேல் மூலைக்குப் போய்விட்டது, எடிட்டரின் பழக்கம் மட்டும் மாறவில்லை. நிறைய எழுதி நிறைய அழிப்பவர்களுக்குப் பேக்ஸ்பேஸ். கோல்மேக் என்ற லேஅவுட் 2006ல் வந்தபோதே கேப்ஸ் லாக்கைப் பேக்ஸ்பேஸ் ஆக்கிவிட்டது. தமிழும் ஆங்கிலமும் மாறி மாறி எழுதுபவர்களுக்கு மொழி மாற்றும் கீ.

ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒரே நாளில் நான்கு கீகளை மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் மூன்றாம் நாள் எல்லாவற்றையும் பழையபடி ஆக்கிவிடுகிறார்கள்.

விண்டோஸ்: பவர்டாய்ஸ்

மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் பவர்டாய்ஸ் தொகுப்பில் கீபோர்டு மேனேஜர் என்று ஒரு பகுதி இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் தேடி நிறுவிக்கொள்ளுங்கள். அட்மின் உரிமை இல்லாத அலுவலகக் கணினியிலும் உங்கள் கணக்குக்கு மட்டும் நிறுவ முடியும். ஆனால் அலுவலக விதிகள் அனுமதிக்கின்றனவா என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கீகளை வழிமறிக்கும் எந்த மென்பொருளையும் பாதுகாப்புப் பிரிவினர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

தொடங்கும் முன் கேப்ஸ் லாக் விளக்கு அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அது எரிந்துகொண்டிருக்கும்போது கேப்ஸ் லாக்கை வேறு கீயாக மாற்றினால், பெரிய எழுத்து நிலையில் கணினி மாட்டிக்கொள்ளும். அணைக்க கீ இருக்காது. அப்படி ஆகிவிட்டால் விண்டோஸ் கீ, கண்ட்ரோல், 'ஓ' மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். திரையில் ஒரு கீபோர்டு வரும். அதில் கேப்ஸ் லாக்கை மவுஸால் கிளிக் செய்து பாருங்கள். அதற்கும் அசையாவிட்டால் கீபோர்டு மேனேஜரைத் தற்காலிகமாக ஆஃப் செய்து, கேப்ஸ் லாக்கை அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்யலாம். புதிதாக வருபவர்கள் பதறிப்போகும் முதல் இடம் இது.

இனி படிகள். பவர்டாய்ஸ் அமைப்புகளில் கீபோர்டு மேனேஜரை ஆன் செய்து, "ரீமேப் எ கீ" என்பதைத் திறங்கள். புதிய வரி சேர்க்கும் பொத்தானை அழுத்தினால் இரண்டு பக்கங்கள் வரும். இடப்பக்கம் நீங்கள் அழுத்தப்போகும் கீ, வலப்பக்கம் கணினிக்குப் போகவேண்டிய கீ. இடப்பக்கத்தில் கேப்ஸ் லாக்கைத் தேர்ந்தெடுங்கள். வலப்பக்கப் பட்டியலில் "கண்ட்ரோல்", "கண்ட்ரோல் லெஃப்ட்", "கண்ட்ரோல் ரைட்" என்று மூன்று இருக்கும். "கண்ட்ரோல் லெஃப்ட்" எடுங்கள். பிறகு மேலே ஓகே. இரண்டு பக்கங்களையும் மாற்றிப் போட்டுவிடுவது சகஜமான தவறு. கேப்ஸ் லாக் கண்ட்ரோல் ஆவதற்குப் பதில் கண்ட்ரோல் கேப்ஸ் லாக் ஆகிவிடும்.

ஓகே கொடுத்ததும், இந்தக் கீக்கு இனி இடமில்லை என்று ஓர் எச்சரிக்கை வரலாம். கேப்ஸ் லாக்கின் வேலையைச் செய்ய வேறு கீ இல்லை என்பதுதான் அதன் பொருள். நமக்கு வேண்டியதும் அதுதான், தொடருங்கள்.

இது எங்கே வேலை செய்யாது என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். பவர்டாய்ஸ் பின்னணியில் ஓடும்போது மட்டும்தான் மாற்றம் இருக்கும். லாகின் திரையில் அது இல்லை. அங்கே கேப்ஸ் லாக் பழைய கேப்ஸ் லாக்தான். அதைப் பேக்ஸ்பேஸாகப் பழகியவர் பாஸ்வேர்டில் ஓர் எழுத்தை அழிக்க நினைத்து அழுத்துவார், கேப்ஸ் ஆன் ஆகும், பாஸ்வேர்டு தப்பாகும், மறுபடி அழுத்துவார். அட்மின் உரிமையோடு ஓடும் ஜன்னல்களிலும் மாற்றம் செல்லாது. பவர்டாய்ஸையும் அட்மினாக ஓடவிட்டால் மட்டுமே அங்கே கிடைக்கும். மாற்றிய கண்ட்ரோலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அப்படி ஒரு ஜன்னல் குறுக்கே வந்தால், நீங்கள் விரலை எடுத்தது பவர்டாய்ஸுக்குத் தெரியாமல் போய், கண்ட்ரோல் அழுந்தியபடியே நின்றுவிடும். எழுத்து எதை அடித்தாலும் ஏதேதோ மெனு திறக்கும். அசல் கண்ட்ரோல் கீகள் இரண்டையும் ஒருமுறை தட்டிவிட்டால் சரியாகும்.

விண்டோஸ்: ஷார்ப்கீஸ்

லாகின் திரை உட்பட எல்லா இடத்திலும் மாற்றம் வேண்டுமென்றால் அடிமட்டத்துக்கு இறங்கவேண்டும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமிக்கும் ரெஜிஸ்ட்ரியிலேயே "இந்த எண் வந்தால் அந்த எண்ணாக எடுத்துக்கொள்" என்று ஓர் அட்டவணை எழுத இடம் இருக்கிறது. ஷார்ப்கீஸ் என்ற சிறிய இலவச மென்பொருள் அதை நமக்காக எழுதித் தருகிறது. 'ஆட்' அழுத்தி, "டைப் கீ" மூலம் இடப்பக்கமும் வலப்பக்கமும் கீகளைக் காட்டி, "ரைட் டு ரெஜிஸ்ட்ரி" கொடுத்து, கணினியை ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது. எழுதிய பிறகு ஷார்ப்கீஸை நீக்கிவிட்டாலும் மாற்றம் நிற்கும். பின்னணியில் எதுவும் ஓடவேண்டியதில்லை. ஒரே ஒரு கீயை இடம் மாற்றுபவர்களுக்கு இதுவே சிறந்தது.

விலை என்னவென்றால், அட்மின் உரிமை வேண்டும். அந்தக் கணினியைப் பயன்படுத்தும் எல்லோருக்கும், அதில் சொருகும் எல்லாக் கீபோர்டுக்கும் மாற்றம் பொருந்தும். வீட்டில் பிள்ளைகளும் அதே கணினியில் உட்கார்ந்தால் சொல்லிவைத்துவிடுங்கள். ஒரு கீயை இன்னொரு ஒற்றைக் கீயாக மட்டும்தான் மாற்ற முடியும். "விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ்" போன்ற சேர்க்கையை இதில் வைக்க முடியாது. திரும்பப் பெற, பட்டியலை முழுக்க அழித்து மறுபடி ரெஜிஸ்ட்ரியில் எழுதி ரீஸ்டார்ட் செய்யவேண்டும்.

2024க்குப் பிறகு வந்த பல மடிக்கணினிகளில் வலது கண்ட்ரோலின் இடத்தைக் கோபைலட் கீ பிடித்திருக்கிறது. அதை மறுபடி கண்ட்ரோல் ஆக்கப் பார்ப்பவர்கள் ஷார்ப்கீஸில் குழம்புவார்கள். காரணம், அது ஒரு கீயே அல்ல. விண்டோஸ், ஷிப்ட், எஃப்23 மூன்றையும் ஒன்றாக அனுப்பும் சேர்க்கை. பவர்டாய்ஸின் "ரீமேப் எ ஷார்ட்கட்" பகுதியில் அந்தச் சேர்க்கையைப் பிடித்து வேறு வேலைக்கு மாற்றலாம்.

மேக்

மேக்கில் எதையும் நிறுவத் தேவையில்லை. சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டு, அதில் கீபோர்டு ஷார்ட்கட்ஸ், அதில் மாடிஃபையர் கீஸ். கேப்ஸ் லாக்குக்கு எதிரே கண்ட்ரோல், எஸ்கேப், ஆப்ஷன், கமாண்ட் என்று பட்டியல் இருக்கும். கவனிக்கவேண்டியது அந்த ஜன்னலின் மேலே இருக்கும் கீபோர்டு பெயர். மேக் ஒவ்வொரு கீபோர்டுக்கும் தனித்தனியாக நினைவு வைத்துக்கொள்ளும். மடிக்கணினியின் கீபோர்டில் மாற்றிவிட்டு, வெளிக் கீபோர்டைச் சொருகியதும் "மாற்றம் போய்விட்டது" என்று நினைப்பவர்கள் அங்கே அதைத் தேர்ந்தெடுத்து இன்னொருமுறை செய்யவேண்டும்.

இதற்கு மேல் வேண்டுமென்றால் காராபைனர் எலிமெண்ட்ஸ் என்ற இலவச மென்பொருள். நிறுவும்போது அது கேட்கும் அனுமதிகளைப் பிரைவசி பகுதியில் ஒவ்வொன்றாகக் கொடுக்கவேண்டும். ஒன்றை விட்டாலும் சத்தமில்லாமல் வேலை செய்யாது. காராபைனர் ஓடும்போது மேக் பார்ப்பது உங்கள் கீபோர்டை அல்ல, காராபைனர் உருவாக்கிய ஒரு கற்பனைக் கீபோர்டை. அதனால் மாடிஃபையர் கீஸில் முன்பு செய்த மாற்றத்தை நீக்கிவிட்டு எல்லாவற்றையும் காராபைனரிலேயே வைத்துக்கொள்வது குழப்பத்தைத் தவிர்க்கும்.

லினக்ஸ்

லினக்ஸின் டெஸ்க்டாப்களில் ஒன்றான க்னோம் திரையில் வேலை செய்பவர்கள் க்னோம் ட்வீக்ஸ் நிறுவி, கீபோர்டு பகுதியில் கூடுதல் லேஅவுட் தேர்வுகளைத் திறந்தால் கேப்ஸ் லாக்குக்கென்று தனிப் பட்டியலே இருக்கிறது. இன்னொரு டெஸ்க்டாப்பான கேடிஇயில் சிஸ்டம் செட்டிங்ஸின் கீபோர்டு பகுதியில் அதே பட்டியல். டிக் அடித்த நொடியே மாற்றம் வந்துவிடும்.

பழைய குறிப்புகளில் எக்ஸ்மாட்மேப் என்ற கட்டளை அடிக்கடி வரும். அதைத் தொடவேண்டாம். லினக்ஸில் திரையை இயக்கும் புதிய முறையான வேலண்டில் அது செல்லாது, பழைய முறையான எக்ஸ் திரையிலும் கீபோர்டைப் பிடுங்கிச் சொருகினால் மறந்துவிடும். ஆழமான மாற்றங்களுக்குக் கீடி என்ற சிறிய சேவை நம்பகமானது. இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்வதால் திரை எதுவானாலும் கவலையில்லை. அமைப்புக் கோப்பில் தப்பாக எழுதிக் கீபோர்டே முடங்கிப்போனால் பேக்ஸ்பேஸ், எஸ்கேப், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், கீடி நின்றுவிடும். தொடங்கும் முன்பே இதை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். முடங்கிய பிறகு தேடிப் படிக்கக் கீபோர்டு இருக்காது.

தமிழும் ஆங்கிலமும் எழுதுபவர்களுக்கு

ஒரு பத்தியில் ஐந்தாறு முறை மொழி மாற்றுபவருக்கு, விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் என்ற இரண்டு கீ வேலையை ஒரு கீயில் அடக்குவது பெரிய மிச்சம். பவர்டாய்ஸில் வலப்பக்கத்தில் ஒற்றைக் கீக்குப் பதிலாக அந்தச் சேர்க்கையையே கொடுக்கலாம். மேக்கில் இதற்கென்றே வசதி இருக்கிறது. இன்புட் சோர்சஸ் பகுதியில் தமிழைச் சேர்த்த பிறகு, கேப்ஸ் லாக்கால் ஏபிசிக்கும் தமிழுக்கும் மாறும் தேர்வை ஆன் செய்யுங்கள். தட்டினால் மொழி மாறும், சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் பழைய கேப்ஸ் லாக். மாடிஃபையர் கீஸில் கேப்ஸ் லாக்கை ஏற்கெனவே கண்ட்ரோல் ஆக்கியிருந்தால் மட்டும் இது நடக்காது. லினக்ஸ் க்னோமில் சூப்பர் கீயோடு ஸ்பேஸ். அமைப்புகளின் ஷார்ட்கட் பட்டியலில் வேறு கீக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கேப்ஸ் லாக்கில் வேறு வேலை வைத்துவிட்டவர்கள் வலது ஆல்ட்டை மொழிக்கு ஒதுக்குவார்கள். நல்ல யோசனைதான், கட்டைவிரல் எட்டும் இடம். ஆனால் விண்டோஸில் "இங்கிலீஷ் இந்தியா" லேஅவுட் வைத்திருந்தால் வலது ஆல்ட்டோடு 4 அழுத்துவதுதான் ₹ குறி. வலது ஆல்ட் போனால் அதுவும் போகும். பில், கணக்கு எழுதுபவர்கள் இடது கண்ட்ரோல், ஆல்ட், 4 மூன்றையும் சேர்த்து அழுத்தப் பழகவேண்டியிருக்கும்.

தமிழில் டைப் செய்யும்போது சுண்டுவிரல் வலிக்கிறதென்றால், கீயை மாற்றும் முன் லேஅவுட்டைப் பாருங்கள். 'பள்ளி' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒலிபெயர்ப்பு முறையான அஞ்சலில் 'பி', 'ஏ', ஷிப்டைப் பிடித்துக்கொண்டு 'எல்' இரண்டு முறை, பிறகு 'ஐ'. ஐந்து தட்டும் ஒரு ஷிப்டும். ள, ண, ற மூன்றுக்கும் ஷிப்ட் வேண்டும், தமிழில் இவை இல்லாத வாக்கியம் அரிது. 1999ல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ்99ல் அதே சொல்லுக்கு ப, ள, ள, இ என்று நான்கு தட்டு. ஒரே மெய் இரண்டாவது முறை வந்ததும் முதலாவதற்குப் புள்ளி தானாக விழும். ஷிப்ட் ஸ, ஷ, ஜ, ஹ போன்றவற்றுக்கு மட்டும்தான். உயிர்கள் இடக்கையிலும், வ, ங தவிர்த்த மெய்கள் வலக்கையிலும் இருப்பதால் கைகள் மாறி மாறி வேலை செய்யும். புள்ளி வைக்கும் கீ 'எஃப்', ஆள்காட்டி விரல் ஓய்வெடுக்கும் அதே இடம்.

அஞ்சலை விட மனமில்லாதவர்கள் ஸ்டிக்கி கீஸைப் போட்டுப் பாருங்கள். விண்டோஸ், மேக், க்னோம் மூன்றிலும் அணுகல்தன்மை அமைப்புகளில் இருக்கிறது. ஷிப்டைத் தட்டிவிட்டு விரலை எடுத்துவிடலாம், அடுத்த எழுத்து மட்டும் ஷிப்டோடு வரும். விண்டோஸில் இரண்டு கீகளை ஒன்றாக அழுத்தினால் ஸ்டிக்கி கீஸ் தானாக அணைந்துவிடும் என்று ஒரு தேர்வு உண்டு. அதை எடுத்துவிடாவிட்டால் பழக்கத்தில் ஷிப்டைப் பிடித்த மறுநொடி எல்லாம் போய்விடும்.

அம்புக்குறிகளைக் கைக்கடியில் கொண்டுவருதல்

முதல் மாற்றம் கையில் ஊறிய பிறகு செய்யவேண்டியது இது. அம்புக்குறிக்காக வலக்கை முழுவதும் எழுந்து போய், திரும்பி வந்து 'ஜே'யின் மேட்டைத் தடவித் தேடும் வேலை மிச்சமாகும். ஒரு கீயைப் பிடித்துக்கொண்டால் 'ஐ' மேலே, 'கே' கீழே, 'ஜே' இடம், 'எல்' வலம். 'யு'வும் 'ஓ'வும் வரியின் தொடக்கமும் முடிவும். விம் பழகியவர்கள் எச், ஜே, கே, எல் என்று வரிசையாக வைப்பார்கள். புதியவர்களுக்கு அசல் அம்புக்குறிகளின் உருவத்திலேயே இருப்பது எளிது. அடிமட்டத்தில் செய்தால் இது கீயின் இடத்தைத்தான் பார்க்கும், எழுத்தை அல்ல. அதனால் தமிழ்99 ஓடிக்கொண்டிருக்கும்போதும் ன, ம, ப, த கீகள் அம்புக்குறிகளாக அப்படியே வேலை செய்யும்.

எந்தக் கீயைப் பிடிப்பது? பலர் ஸ்பேஸ்பாரைச் சொல்வார்கள். வேகமாக டைப் செய்பவர்களுக்கு அது ஒத்துவராது. ஸ்பேஸிலிருந்து கட்டைவிரல் எழும் முன்பே அடுத்த எழுத்தைத் தட்டுவது எல்லோருக்கும் உள்ள பழக்கம். ஒரு சொல் 'ஜே'யில் தொடங்கினால் இடைவெளியும் எழுத்தும் காணாமல் போய்க் கர்சர் நகர்ந்திருக்கும். கேப்ஸ் லாக்கைப் பிடிப்பது இதைவிட நல்லது. சொல்லின் நடுவே யாரும் அதைத் தொடுவதில்லை.

தட்டினால் ஒன்று, பிடித்தால் இன்னொன்று என்ற அமைப்பை மேக்கில் காராபைனரிலும், லினக்ஸில் கீடியிலும், விண்டோஸ் உட்பட மூன்றிலுமே கனாட்டா என்ற மென்பொருளிலும் செய்யலாம். கனாட்டாவில் மாட்டிக்கொண்டால் இடது கண்ட்ரோல், ஸ்பேஸ், எஸ்கேப் சேர்த்து அழுத்தினால் அது மூடிக்கொள்ளும். பவர்டாய்ஸில் அரைகுறையாகச் செய்ய வழி உண்டு. இடது ஆல்ட்டோடு 'ஜே' என்றால் இட அம்பு என்று நான்கு ஷார்ட்கட் வைப்பது. ஆனால் ஷிப்டோடு சேர்த்து எழுத்துகளைத் தேர்ந்தெடுக்கவும், கண்ட்ரோலோடு சொல் சொல்லாகத் தாவவும் தனித்தனி வரிகள் வேண்டும். நான்கு வரி பன்னிரண்டாகும். போதாக்குறைக்கு இடது ஆல்ட்டும் ஷிப்டும் சேர்ந்தால் விண்டோஸில் மொழி மாறும். பாதிப் பத்தியைத் தேர்ந்தெடுக்கப் போனவர் தமிழுக்குப் போய் நிற்பார். அட்வான்ஸ்டு கீபோர்டு செட்டிங்ஸில் மொழி ஹாட்கீ பகுதிக்குப் போய் அந்தச் சேர்க்கையை முதலில் நீக்கிவிடுங்கள்.

விண்டோஸில் கீகளை மாற்றும் ஆட்டோஹாட்கீ மென்பொருளில் எழுதுபவர்களுக்கு ஒரு சொல்: கீயை எழுத்தால் குறிப்பிடாமல் ஸ்கேன் கோடால் (கீபோர்டு அனுப்பும் அந்த எண்ணால்) குறிப்பிடுங்கள். எழுத்தால் குறித்தால் லேஅவுட் தமிழுக்கு மாறியதும் சில கீகள் அகப்படாமல் போகலாம்.

தட்டலும் பிடித்தலும்

இந்த இரட்டை வேலைக் கீகளில் எல்லாமே நேரக் கணக்குதான். கியூஎம்கே என்ற உள் மென்பொருளில் ஓடும் கீபோர்டுகளில் இயல்பான எல்லை 200 மில்லிசெகண்டு. அதற்குள் விட்டால் தட்டல், தாண்டினால் பிடித்தல். நினைக்காத இடத்தில் கண்ட்ரோல் வந்து விழுந்தால் எல்லையை 20, 20ஆகக் கூட்டுங்கள். கண்ட்ரோல் சோம்பேறியாக வருகிறதென்றால் அதே அளவில் குறையுங்கள். ஒரே அடியாக 100 மாற்றினால் எது சரி என்று பிடிபடாது.

ஏ, எஸ், டி, எஃப் கீகளைப் பிடித்தால் விண்டோஸ், ஆல்ட், ஷிப்ட், கண்ட்ரோல் ஆக்கும் முறைக்கு இன்று நல்ல மவுசு. தமிழ்99 காரர்கள் இதில் அவசரப்படவேண்டாம். அந்த நான்கு கீகள்தான் அ, இ, உ, புள்ளி. தமிழில் அதிகம் தட்டப்படும் கீகள் அவை. 'உ'வை விடுவதற்குள் வலக்கையில் அடுத்த மெய் விழுந்தால் அது ஷிப்டாகிவிடும். உயிர் காணாமல் போன சொற்களாக வரும். செய்தே ஆகவேண்டுமென்றால் எல்லையை நீளமாக வைத்து, ஒரு கீயில் மட்டும் தொடங்குங்கள்.

கீபோர்டுக்குள்ளேயே மாற்றுவது

கியூஎம்கே, வியா வசதியுள்ள மெக்கானிக்கல் கீபோர்டு வாங்கினால், குரோம் வகை பிரவுசரில் வியா பக்கத்தைத் திறந்து மவுஸாலேயே கீகளை மாற்றலாம். மாற்றம் கீபோர்டின் நினைவில் தங்கும். எந்தக் கணினியில் சொருகினாலும், லாகின் திரையானாலும், அலுவலகத்தில் எதையும் நிறுவ விடாவிட்டாலும் கவலையில்லை. இரண்டாம் அடுக்குக்கு (அதே கீகளுக்கு வேறு வேலை தரும் இன்னொரு தொகுப்பு) போகும் கீ வைத்தால், அங்கிருந்து திரும்பும் வழியும் அந்த அடுக்கில் இருக்கிறதா என்று பாருங்கள். மாற்றிய அமைப்பைக் கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். கீபோர்டின் உள் மென்பொருளான பர்ம்வேரைப் புதுப்பித்தால் எல்லாம் அழியக்கூடும்.

ஆனால் டிவோராக், கோல்மேக் போன்ற மாற்று ஆங்கில லேஅவுட்டைக் கீபோர்டுக்குள் வைக்காதீர்கள். கீபோர்டு இப்போது வேறு எண்களை அனுப்பும். தமிழ்99 அந்த எண்களைத்தான் பார்க்கும். ஆங்கிலம் சரியாக வரும், தமிழ் எழுத்துகள் எல்லாம் இடம் பெயர்ந்து சிதறும். அந்த லேஅவுட்டை விண்டோஸிலோ மேக்கிலோ ஆங்கிலத்துக்கு மட்டும் தேர்ந்தெடுத்தால் தமிழ் தொடப்படாமல் இருக்கும். பொதுவாகப் புதியவர்களுக்கு லேஅவுட் முழுவதையும் மாற்ற நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கேப்ஸ் லாக்கும் அம்புக்குறிகளும் சில வாரங்களில் தரும் நிம்மதிக்கு, அங்கே பல மாதங்கள் மெதுவாக டைப் செய்யவேண்டும்.

மலிவான மெம்பிரேன் கீபோர்டுகளில் இன்னொரு சிக்கல் உண்டு. சில மூன்று கீ சேர்க்கைகளில் மூன்றாவது கீ பதிவாகவே செய்யாது. கேப்ஸ் லாக், ஷிப்ட், 'ஜே' சேர்ந்து வரவில்லையென்றால் மென்பொருளைக் குடையும் முன், கீ டெஸ்டர் பக்கம் ஒன்றைத் திறந்து மூன்றும் ஒளிர்கிறதா பாருங்கள். ஒளிராவிட்டால் குறை உள்ளே இருக்கும் சர்க்யூட்டில். பிடிக்கும் கீயை வேறு இடத்துக்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை.

கையில் ஊறும் வரை

மாற்றம் செய்தும் விரல் பழைய இடத்துக்கே போகும். கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோல் ஆக்கியவர் ஒரு வாரத்துக்கு இடது கண்ட்ரோலை முடக்கிவைப்பது நல்ல தந்திரம். பவர்டாய்ஸின் வலப்பக்கப் பட்டியலில் 'டிசேபிள்' என்று இருக்கிறது. பழைய கீ பதில் சொல்லாவிட்டால் விரல் தானாகப் புதிய இடத்தைத் தேடும். முதல் மூன்று நாள் வேகம் குறையும். மாதக் கடைசிக் கணக்கு, பரீட்சை போன்ற நெருக்கடி வாரத்தில் தொடங்காதீர்கள். இரண்டு வாரம் கழிந்தும் யோசித்துத்தான் அழுத்தவேண்டியிருக்கிறதென்றால் அந்த மாற்றம் உங்களுக்கானது அல்ல, எடுத்துவிடுங்கள்.

விரலில் மரத்துப்போதல், இரவில் மணிக்கட்டு வலி என்று இருந்தால் கீயை மாற்றிக்கொண்டு காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மெய்நிகர் கணினிக்குள் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) வேலை செய்பவர்கள் மாற்றத்தை வெளியே உள்ள கணினியில் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கேப்ஸ் லாக்கையும் கண்ட்ரோலையும் வெளியேயும் உள்ளேயும் ஒன்றுக்கொன்று மாற்றினால், இரண்டு முறை மாறி, கேப்ஸ் லாக் மறுபடி கேப்ஸ் லாக்காகவே வந்து நிற்கும். அமைப்பில் எங்கே தேடினாலும் தவறு தெரியாது, இரண்டு இடத்திலும் எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.